நீலத்திரையும் அப்பாவின் நாற்பது பக்க நோட்டும் - கொசுவத்தி

மக்களே, ரொம்ப நாள் கழிச்சு ஒரு கொசுவத்தி. சுத்த ஆரம்பிச்சா நீளமாத்தான் போகும்னு முன்னாடியே சொல்லிடறேன். காபி டம்ளரை எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க.

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. மதியம் வாட்ஸப்பில் ரெண்டு படம் வந்துச்சு. முதல் படம் மச்சான் மீனம்பாக்கத்திலிருந்து அனுப்பினது. போர்டிங் பாஸ்தான், ஆனா பிரிண்ட் கிடையாது. பேர், ஃப்ளைட் நம்பர், சீட் நம்பர் எல்லாமே பேனாவால் கையில் எழுதினது. "மாமா, ரேஷன் கடை பில் மாதிரி இருக்கு பாருங்க"ன்னு கீழே ஒரு வரி வேற. ரெண்டாவது படம் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கிற நண்பன் அனுப்பினது. ஆபீஸ் லேப்டாப், முழுக்க நீலம். "மச்சி, ஃப்ளோர் முழுக்க இதேதான், எல்லாரும் டீ குடிக்கப் போயாச்சு."

படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தேன். அடியில் சின்ன எழுத்தில் 'பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்ட் ஏரியா' என்று இருந்தது.

எனக்கு அந்த வரி புதுசு இல்லை. 21 வருஷத்துக்கு முன்னாடி அயனம்பாக்கத்து வீட்டில் அப்பா ஒரு நாற்பது பக்க நோட்டில் அதே வரியைக் கொட்டை எழுத்தில் எழுதி, பக்கத்தில் 50 என்று போட்டு வட்டம் போட்டு வச்சிருந்தார். (எழுத்துக் கூட்டிப் பார்த்து எழுதினார். அந்த நான்பேஜ்டில் ஒரு எழுத்து விட்டுப் போயிருக்கும்.)

அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி டூல் ரூமில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். அந்த எஸ்டேட் 1960-களில் அரசாங்கம் ஆரம்பிச்சது. அப்பா 1965-ல் உள்ளே போனவர். ரிடையர் ஆன கையோடு ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் வாங்கிப் போட்டிருந்த மனையில் வீட்டைக் கட்டிட்டு, "எஸ்டேட் கதையை எழுதப் போறேன்டா"ன்னு உட்கார்ந்துட்டார். எந்த ஷெட்டில் யார் முதல் லேத்தைப் போட்டாங்க, யார்கிட்ட யார் தொழில் கத்துக்கிட்டாங்க, எந்தக் கேண்டீனில் எந்த வருஷம் ஸ்ட்ரைக், இப்படி. அதுக்காகத்தான் 2002-ல் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு அசெம்பிள்டு கம்ப்யூட்டர் வாங்கினோம். 128 எம்பி ராம், 40 ஜிபி ஹார்ட் டிஸ்க். அப்போ அது பெரிய மெஷின், சிரிக்காதீங்க. விண்டோஸ் எக்ஸ்பி. ஒரிஜினலான்னு கேட்கிறவங்க அடுத்த பத்திக்குப் போயிடுங்க.

ரெண்டு விரலால் தமிழ் அடிக்கக் கத்துக்கிட்டார். ஒரு நாளைக்கு ஒரு பக்கம். 2003 வெயில் காலத்தில் ஆரம்பிச்சது வினை.

முதல்ல நீலத்திரை வரலை. அடிச்சுக்கிட்டு இருக்கும்போதே பொசுக்குன்னு ரீஸ்டார்ட் ஆகும், அவ்வளவுதான். கரண்ட் போகலை, ஃபேன் சுத்துது, கம்ப்யூட்டர் மட்டும் தானா அணைஞ்சு தானா எழுந்திருக்கும். எக்ஸ்பியில் அப்படி ஒரு ஏற்பாடு. கிராஷ் ஆனா உடனே ரீஸ்டார்ட் பண்ணுன்னு முன்கூட்டியே டிக் போட்டு வச்சிருப்பாங்க. நீலத்திரை கண் சிமிட்டற நேரம் வந்துட்டுப் போயிடும். ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி என்கிற இடத்துக்குப் போய் அந்த டிக்கை எடுத்தப்புறம்தான் எங்களுக்கு நீலத்திரை தரிசனமே கிடைச்சது. அன்னிலேர்ந்து அப்பா நோட்டு போட ஆரம்பிச்சார். தேதி, மணி, என்ன செஞ்சுக்கிட்டு இருந்தார், நம்பர் என்ன. டூல் ரூம் ஆளு, மெஷின் நின்னா லாக் எழுதித்தான் பழக்கம். 50. ரெண்டு நாள் கழிச்சு 19. அப்புறம் 24. மறுபடி 50, 50.

இங்கே கொஞ்சம் நிறுத்திட்டு அந்த நீலத்தோட பூர்வீகத்தைச் சொல்லிடறேன். இதில் ஒரு பெரிய குழப்பம் உண்டு.

2014-ல் பல பத்திரிகைகளில் 'நீலத்திரையை எழுதியது ஸ்டீவ் பால்மர்' என்று செய்தி வந்தது. மைக்ரோசாஃப்டில் ரேமண்ட் சென் எழுதின ஒரு பழைய கதையைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டதால் வந்த செய்தி அது. அவரே மறுபடி உட்கார்ந்து விளக்கம் கொடுக்க வேண்டியதாப் போச்சு. நீலத்திரை ஒண்ணு இல்லை, மூணு. விண்டோஸ் 3.1-ல் கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூணையும் அமுக்கினா வர்ற நீலத்திரை ஒண்ணு. அதிலிருந்த வாசகம்தான் பால்மர் எழுதினது. அது கிராஷே கிடையாது, 'இந்த புரோகிராம் பதில் சொல்லலை, என்ன செய்யலாம்?'னு கேட்கிற திரை. விண்டோஸ் 95-ல் வந்தது ரெண்டாவது, அதுக்குக் கடைசி வடிவம் கொடுத்தவர் சென். அதில் ஒரு கீயைத் தட்டினா சில சமயம் வண்டி தொடர்ந்து ஓடும். மூணாவதுதான் நிஜமான சாவுத்திரை. 1993 ஜூலையில் வந்த விண்டோஸ் என்டி 3.1-க்காக ஜான் வெர்ட் எழுதினது. ஏன் நீலம்னு கேட்டா பெரிய தத்துவம் எல்லாம் இல்லை. அவர் மேசையில் இருந்த மிப்ஸ் மெஷினின் ஆரம்பத் திரை நீலத்தில் வெள்ளை எழுத்து. அவர் கோடு எழுதின எடிட்டரும் நீலத்தில் வெள்ளை. மனுஷன் எல்லாத்தையும் ஒரே கலரில் வச்சுக்கிட்டார். எக்ஸ்பி என்டி வம்சம் என்பதால், எங்க வீட்டுக்கு வந்ததும் வெர்ட்டோட திரையின் வாரிசுதான்.

உலகமே சிரிச்ச நீலத்திரை 1998 ஏப்ரல் 20, சிகாகோ காம்டெக்ஸ் கண்காட்சியில் வந்தது. பில் கேட்ஸ் மேடையில் நிற்க, கிறிஸ் கபோசெலா விண்டோஸ் 98-ல் ஒரு ஸ்கேனரைச் செருகிக் காட்டினார். செருகினதும் பின்னாடி பெரிய திரை நீலம். கேட்ஸ் சமாளிச்சார், கூட்டம் கைதட்டிச்சு. கபோசெலா வேலை போகலை, பின்னாளில் அந்தக் கம்பெனிக்கே மார்க்கெட்டிங் தலைவரா ஆனார். அந்த வீடியோவைப் பார்த்துச் சிரிச்ச எல்லாரும் கவனிக்காம விட்ட ஒரு விஷயம் உண்டு. விண்டோஸ் சும்மா இருக்கும்போது விழலை, ஒரு சாதனத்தைச் செருகினப்போதான் விழுந்துச்சு. இதை மனசில் வச்சுக்குங்க, திரும்ப வருவேன்.

அயனம்பாக்கத்துக்கு வருவோம். கம்ப்யூட்டர் பையனைக் கூப்பிட்டோம். எந்த நோய்க்கும் அவர்கிட்ட ஒரே மருந்து. "வைரஸ் சார், ஃபார்மட் போட்டுரலாம்." 250 ரூபாய். அப்பா நோட்டைக் காட்டினார். அவர் பார்க்கவே இல்லை. ஃபார்மட் ஆச்சு, ரெண்டு நாள் நல்லா ஓடிச்சு, மூணாம் நாள் 50. மறுபடி ஃபார்மட், மறுபடி 250. கட்டுரை டி டிரைவில் இருந்ததால் ரெண்டு தடவையும் தப்பிச்சது. மூணாவது தடவை நான்தான் கூப்பிட்டேன். அப்பா, "ஏன்டா, இது அவன் சொல்ற மாதிரி இல்லடா, மத்தியானம் ரெண்டு மணிக்கு மேலதான் வருது, ராத்திரி வர்றதே இல்ல"ன்னார். நான் கேட்கலை. படிச்ச பையன் இல்லையா, ஹிஹி. வந்தவர் "வைரஸ் டி டிரைவில் உட்கார்ந்திருக்கு சார், பார்ட்டிஷனையே எடுத்துட்டுப் புதுசாப் போடணும்"னு சொல்ல, நான் தலையாட்டினேன். அப்பா அன்னிக்கு பேங்குக்குப் போயிருந்தார்.

63 பக்கம். ஃப்ளாப்பியில் எடுத்து வச்சிருந்தது முதல் 9 பக்கம் மட்டும்தான்.

திட்டவே இல்லை. அதுதான் கஷ்டமா இருந்துச்சு. நோட்டில் அன்னிக்கு தேதி போட்டு 'கட்டுரை போச்சு'ன்னு ஒரு வரி, அவ்வளவுதான்.

நாலு நாள் கழிச்சு மறுபடி 50. இந்த முறை அப்பா யாரையும் கேட்காம கேபினெட்டைக் கழட்டித் திண்ணையில் வச்சுட்டு, தெருமுனையில் டிவி ரிப்பேர் பண்ற மெக்கானிக்கைக் கூட்டிட்டு வந்துட்டார். அவர் கம்ப்யூட்டரைத் திறந்தே பார்த்ததில்லையாம். டார்ச் அடிச்சுப் பார்த்து அரை நிமிஷத்தில் சொன்னார். "அண்ணே, கண்டென்சர் ஊதியிருக்கு பாருங்க. டிவியில இப்படி இருந்தா நான் தொடவே யோசிக்க மாட்டேன், பிடுங்கிப் போட்டுருவேன்."

பிராசஸர் பக்கத்தில் வரிசையா நிக்கிற குட்டி டப்பாக்களில் அஞ்சு உப்பியிருந்தது. தலை தட்டையா இருக்க வேண்டியது, பூரி மாதிரி. ஒண்ணில் பழுப்பா ஏதோ கசிஞ்சு காய்ஞ்சு கிடந்தது. மறுநாள் புதுசு அஞ்சு வாங்கிட்டு வந்து ஈயம் வச்சுக் கொடுத்தார். மதர்போர்டில் அதுக்கு முன்னாடி கை வச்சதில்லைன்னு ரெண்டு மணி நேரம் எடுத்துக்கிட்டார். கூலி 60 ரூபாய். அதுக்கப்புறம் அந்த மெஷின் 2009 வரைக்கும் ஓடிச்சு.

எங்க வீட்டில் மட்டும் நடந்த கூத்துன்னு ரொம்ப நாள் நினைச்சுக்கிட்டு இருந்தேன். இல்லை மக்களே, அது ஒரு உலகளாவிய தொற்று. 1999 வாக்கில் ஆரம்பிச்சு 2007 வரைக்கும் உலகம் முழுக்க மதர்போர்டுகளில் கண்டென்சர் ஊதிச்சு. சரித்திரத்தில் இதுக்குக் 'கபாசிட்டர் பிளேக்'னே பேர். அந்த டப்பாவுக்குள்ளே அலுமினியத் தகடும் தண்ணீர் கலந்த ஒரு திரவமும் இருக்கும். தண்ணி அலுமினியத்தை அரிக்காம இருக்க அந்தத் திரவத்தில் சில சரக்கு சேர்க்கணும். தைவானில் தயாரான பல கண்டென்சர்களில் அந்தச் சரக்கு சரியா இல்லை. அரிப்பில் ஹைட்ரஜன் வாயு கிளம்பி டப்பாவை உப்ப வைக்கும். ஒரு ஜப்பான் கம்பெனியின் ஃபார்முலாவைத் திருடினவங்க அரைகுறையாத் திருடிட்டாங்க என்று ஒரு கதை அப்போ பிரபலம். கதை நல்லாத்தான் இருக்கு, நான் அதுக்கு உத்தரவாதம் கொடுக்க மாட்டேன். பெரிய கம்பெனிகளே தப்பலை. 2003 மே முதல் 2005 ஜூலை வரை டெல் விற்ற கம்ப்யூட்டர்களில் 1.18 கோடி இந்த ஆபத்துக்கு உட்பட்டவை என்று பிற்பாடு வழக்கு ஆவணங்களில் வெளியே வந்தது. அந்தக் கம்பெனி 2005-ல் இதுக்காக ஒதுக்கினது 30 கோடி டாலர்.

கண்டென்சரோட வேலை வோல்டேஜை ஆடாம வச்சிருக்கிறது. அது செத்தா பிராசஸருக்கும் ராமுக்கும் போற கரண்ட் ஆடும். ஆடினா நினைவகத்தில் எங்கேயோ ஒரு 0 1 ஆகும். அது எந்த இடத்தில் நடக்கும்னு யாருக்கும் தெரியாது, அதனால்தான் ஒரு நாள் 50, ஒரு நாள் 19, ஒரு நாள் 24. அப்பா நோட்டில் பதில் அப்பவே இருந்திருக்கு. தினம் வேற வேற நம்பர் வந்தா முதல் சந்தேகம் ஹார்டுவேர் மேல. ஒரே நம்பர், ஒரே ஃபைல் பேரோடு திரும்பத் திரும்ப வந்தா சந்தேகம் டிரைவர் மேல. ஃபார்மட் போட வேண்டிய கேஸ் இதில் ரொம்பக் கம்மி.

இன்னொண்ணு. விண்டோஸ் ஏன் அப்படி அடாவடியா நிக்குது? நினைவகம் கெட்டுப் போச்சுன்னு தெரிஞ்சப்புறமும் ஓடினா, கெட்டுப் போன குப்பையை ஹார்ட் டிஸ்கில் எழுதி வச்சுடும். அதுக்குப் பயந்துதான் 'நான் இத்தோட நிக்கிறேன்'னு நிக்குது. அப்பாவோட 63 பக்கத்தை நீலத்திரை காப்பாத்திக்கிட்டுத்தான் இருந்துச்சு. அழிச்சது நான் தலையாட்டின ஃபார்மட்.

சரி, டிரைவர் கதைக்கு வரேன். ஸ்கேனரை ஞாபகம் வச்சிருக்கீங்களா?

உங்க பிரவுசரோ வேர்டோ செத்தா அது மட்டும்தான் சாகும். ஆனா பிரிண்டர், ஸ்கேனர், கிராபிக்ஸ் கார்டு டிரைவர் எல்லாம் அந்தக் காலத்தில் பெரும்பாலும் கெர்னல் என்கிற நடுவீட்டுக்குள்ளேயே இருந்துச்சு. அபார்ட்மென்டில் உங்க வீட்டு ஃபியூஸ் போனா உங்க வீடு மட்டும் இருட்டு, மெயின் போர்டில் கை வச்சா மொத்த பிளாக்கும் இருட்டு இல்லையா, அந்த மாதிரி. அந்த டிரைவர்களை எழுதறது மைக்ரோசாஃப்ட் இல்லை, ஊரில் இருக்கிற அத்தனை ஹார்டுவேர் கம்பெனிகளும். எக்ஸ்பி வந்தப்புறம் 'எர்ரர் ரிப்போர்ட் அனுப்பட்டுமா'ன்னு கேட்டுச்சே (நாம எல்லாரும் வேண்டாம்னு அமுக்கினோமே), அப்படிச் சேர்ந்த கிராஷ்களை அலசினப்போ சுமார் 70 சதவீதம் வெளி ஆட்கள் எழுதின டிரைவரால். 10 சதவீதம் ஹார்டுவேர். மைக்ரோசாஃப்டின் சொந்தக் கோடு 5 சதவீதம். மிச்சம் 15 சதவீதத்தில் நினைவகம் அலங்கோலமாகி எதுவுமே கண்டுபிடிக்க முடியாத நிலைமை. வருஷக்கணக்கா நாம பில் கேட்ஸைத் திட்டினதில் பெரும்பகுதி அட்ரஸ் மாறிப் போன திட்டு!

இதைச் சரி பண்ணக் கிளம்பினவங்களில் ஒருத்தர் நம்ம ஊர்க் காலேஜ் என்பது எனக்கு ரொம்ப லேட்டாத்தான் தெரிஞ்சது. ஸ்ரீராம் ராஜாமணி. கிண்டி இன்ஜினியரிங் காலேஜில் பி.இ., அப்புறம் அமெரிக்காவில் வர்ஜீனியா, பெர்க்லி. 2000 வாக்கில் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிப் பிரிவில் டாம் பால் என்பவரோடு சேர்ந்து 'ஸ்லாம்' என்று ஒரு வேலையை ஆரம்பிச்சார். டிரைவரை ஓட்டிப் பார்த்துத் தப்பு கண்டுபிடிக்கிறது பழைய வழி. எத்தனை தடவை ஓட்டினாலும் ஓட்டாத பாதை ஒண்ணு மிச்சம் இருக்கும். இவங்க ஓட்டாமலே, கோடைப் படிச்சே, எல்லாப் பாதையையும் சோதிக்கணும்னு கிளம்பினாங்க.

உதாரணம் சொல்றேன். கெர்னலில் பூட்டுன்னு ஒண்ணு உண்டு. டிரைவர் பூட்டை எடுத்தா திருப்பிக் கொடுத்தே ஆகணும், கையில் வச்சுக்கிட்டே மறுபடி கேட்கக் கூடாது. டிரைவர் கோடோ ஆயிரக்கணக்கான வரி. ஸ்லாம் அந்த மொத்தக் கோடையும், 'பூட்டு கையில் இருக்கா, இல்லையா' என்கிற மாதிரி ஆமாம்-இல்லை கேள்விகள் மட்டும் மிஞ்சற ஒரு குட்டி புரோகிராமா சுருக்கிடும். சுருக்கினதில் எல்லாப் பாதையையும் நடந்து பார்க்கும். எங்கேயாவது விதி மீறினா, நிஜக் கோடில் அந்தப் பாதை சாத்தியமான்னு திரும்பிப் போய்ப் பார்க்கும். சாத்தியம்னா அதுதான் பிழை. இல்லைன்னா 'நான் அளவுக்கு மீறிச் சுருக்கிட்டேன்'னு இன்னும் ஒண்ணு ரெண்டு கேள்வி சேர்த்துக்கிட்டு மறுபடி ஆரம்பிக்கும். 2002-லேயே கேட்ஸ் ஹார்டுவேர் கம்பெனிகள் கூட்டத்தில் இதைப் பெருமையாச் சொன்னார். பிற்பாடு ஸ்டாட்டிக் டிரைவர் வெரிஃபையர் என்கிற பேரில் டிரைவர் எழுதறவங்க கைக்கே போச்சு. 2011-ல் ரெண்டு பேருக்கும் கேவ் விருது. ராஜாமணி பிற்பாடு பெங்களூரு மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சி மையத்தின் தலைமைக்கும் வந்தார். விஸ்டா காலத்திலிருந்து பல வகை டிரைவர்களை நடுவீட்டிலிருந்து வெளியே தள்ளினதும் சேர்ந்து நீலத்திரை அபூர்வமாச்சு. தங்கமணிக்கு அதைப் பார்த்த ஞாபகமே இல்லைங்கறாங்க. 2012-ல் விண்டோஸ் 8 அந்தத் திரையில் ஒரு சோக மூஞ்சியைப் போட்டப்போ பார்க்க ஆளில்லை.

அப்புறம் எப்படி 2024?

கிரவுட்ஸ்ட்ரைக்கின் ஃபால்கன், கம்பெனிகள் போட்டுக்கிற பாதுகாப்பு மென்பொருள். அதோட டிரைவர் கெர்னலுக்குள்ளே இருக்கு, மைக்ரோசாஃப்ட் சோதிச்சுச் சான்றிதழும் கொடுத்திருக்கு. ஆனா புதுப் புது மிரட்டல்களை அடையாளம் காண அது அடிக்கடி சின்னத் தரவு ஃபைல்களை இறக்கும். அதுக்கு அந்தச் சான்றிதழ் சோதனை கிடையாது. அன்னிக்கு நம்ம நேரம் காலை 9.39-க்கு 291 என்ற எண்ணுள்ள ஒரு ஃபைல் கிளம்பிச்சு. படிவத்தில் 21 கட்டம், டிரைவர் கையில் கொடுத்தது 20 பதில். 21-ஆவது பதிலைத் தேடி இல்லாத இடத்தில் கை விட்டுச்சு. 50! 10.57-க்கு ஃபைலைத் திருப்பி எடுத்துட்டாங்க. அந்த 78 நிமிஷத்தில் விழுந்தது சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர். இண்டிகோ அன்னிக்கு 200-க்குக் கொஞ்சம் கம்மியான விமானங்களை ரத்து பண்ணிச்சு. அமெரிக்காவில் டெல்டா அஞ்சு நாளில் சுமார் 7,000.

விழுந்த மெஷின் நெட்டுக்கே வராததால், தூரத்திலிருந்து சரி பண்றது பெரும்பாலும் முடியாத காரியமாப் போச்சு. ஆள் போய் ஒவ்வொண்ணா சேஃப் மோடில் திறந்து, அந்த ஒரு ஃபைலை அழிக்கணும். அம்பத்தூர் நண்பன் திங்கட்கிழமைதான் மறுபடி லேப்டாப்பைத் தொட்டான். யாரும் ஃபார்மட் போடலை. அதை அவன்கிட்ட தனியா விசாரிச்சு வச்சுக்கிட்டேன்.

2025-ல் விண்டோஸ் 11 நீலத்தையே எடுத்துட்டுக் கருப்பாக்கிடுச்சு. சோக மூஞ்சியும் போச்சு. நம்பரும், எந்த ஃபைல் காரணம் என்கிறதும் திரையில் இன்னும் இருக்கு.

அப்பா 2019-ல் போயிட்டார். கண்டென்சர் மாத்தினப்புறம் கட்டுரையை மறுபடி ஆரம்பிச்சார், ஆனா 22-ஆவது பக்கத்துக்கு மேல போகலை. முதல் தடவை எழுதினப்போ பேர்கள் தானா வந்துச்சு, இப்போ வரமாட்டேங்குதுன்னு சொல்வார். அந்த 22 பக்கம் என்கிட்ட மூணு இடத்தில் இருக்கு. நோட்டும் இருக்கு, அதில் பாதி காலி.

போன மாசம் பையனோட பழைய டெஸ்க்டாப் கருப்பாச்சு. போனில் படம் எடுத்துக்கிட்டு, "அப்பா, விண்டோஸை ரீசெட் பண்ணிடட்டுமா?"ன்னு வந்தான். உட்காருடான்னு சொல்லி, அப்பா நோட்டில் அடுத்த வரியில் தேதி, மணி, நம்பர் எழுதச் சொன்னேன். இதுவரைக்கும் மூணு எழுதியாச்சு. மூணும் வேற வேற நம்பர். ராமைக் கழட்டித் துடைச்சுப் போட்டுட்டு மெம்டெஸ்ட் ஓட விட்டிருக்கேன், ரெண்டாவது சுத்து ஓடிக்கிட்டு இருக்கு.